பஸைட்: யாரோடு விளையாடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

கணினி விளையாட்டுக்கு லினக்ஸ் சரிப்படுமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் கணினியின் ஜாதகத்தை ஒப்பிக்கிறார்கள். எந்த பிராசசர், எத்தனை ஜிபி ரேம், எந்த கிராபிக்ஸ் கார்டு. அதெல்லாம் இரண்டாம் கேள்வி. நீங்கள் தனியாக விளையாடுகிறவரா, நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு இணையத்தில் மோதுகிறவரா? அதைச் சொல்லிவிட்டால் பாதி பதில் வந்துவிடும். தனி ஆள் என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் பஸைட் என்ற லினக்ஸ் வகையைத் தயங்காமல் நிறுவலாம். கூட்டமாக ஆடுகிறவர் என்றால், உங்கள் கணினி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள்.

என்னுடையது பெரிய கணினி இல்லை. இன்டெல் ஐ5-7400, 16 ஜிபி ரேம், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற 8 ஜிபி ரேடியான் ஆர்எக்ஸ் 580. பகலில் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு பனியன்களில் அச்சிடும் படங்களை வரைந்து கொடுப்பது வேலை. அதற்கு அலுவலகக் கணினி இருக்கிறது. இரவில் விளையாடுவதும், ஈரோட்டுத் தோழி ஒருத்தியோடு சேர்ந்து சிறிய விளையாட்டு ஒன்றை உருவாக்குவதும் வீட்டில் இருக்கும் இந்தக் கணினியில்தான்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். என்னுடையது ஏழாம் தலைமுறை. வழக்கமாகப் போகும் கடையில் கேட்டேன். மதர்போர்டு, பிராசசர், கூடவே ரேமும் மாற்றிவிடலாம் என்று கூசாமல் ஒரு தொகை சொன்னார்கள்; ரேம் விலை ஏறிக்கிடக்கும் நேரம் வேறு. "வேண்டாம் என்றால் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் மேடம்" என்றார் கடைக்காரர். தகுதியில்லாத கணினியில் அப்படி ஏற்றினால் புதுப்பிப்புகள் வருமென்று உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. ஆதரவு முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் வரும் திட்டம் ஒன்றும் இருந்தது. ஓராண்டு கழித்து அதே கடைக்காரர், அதே தொகை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியை ஆவணக் கோளாறுக்காகக் கழித்துக்கட்ட எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸில் விளையாட்டு என்றால் எந்த லினக்ஸ் என்பதிலேயே பாதிப் பேர் களைத்துப்போகிறார்கள். அப்பா அம்மாவின் கணினிக்கு மின்ட் போடச் சொல்வேன். எல்லாவற்றையும் திருகிப் பார்க்க ஆசை உள்ளவர்கள் கேஷிஓஎஸ் பக்கம் போகிறார்கள், போகட்டும். எனக்கு வேண்டியிருந்தது இரவு பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினால் விளையாட்டு திறக்கும் கணினி. அதற்குப் பொருத்தமாகத் தெரிந்தது பஸைட்.

யுனிவர்சல் ப்ளூ என்ற தன்னார்வலர் திட்டத்திலிருந்து 2023-இல் வெளிவந்த இயங்குதளம் இது. அடித்தளம் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் டெக் கையடக்கக் கருவிக்காக உருவாக்கிய ஸ்டீம்ஓஎஸ் எப்படி இருக்கிறதோ அந்த அனுபவத்தை எல்லாக் கணினிக்கும் கொண்டுவருவது இவர்கள் நோக்கம். ஸ்டீம் டெக்கை வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்றதில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு, இல்லையென்றால் கள்ளச்சந்தைக்கு அக்கம்பக்கமான ஒரு விலைக்கு வாங்க வேண்டும். எனவே நம் ஊரில் அந்த அனுபவத்துக்கு மலிவான வாசல், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கணினியில் பஸைட் போடுவது. விலை பூஜ்யம்.

பதிவிறக்கும் பக்கத்திலேயே சில கேள்விகள் கேட்கிறார்கள். மேசைக் கணினியா, மடிக்கணினியா, கையடக்கக் கருவியா. கிராபிக்ஸ் கார்டு ஏஎம்டியா, இன்டெல்லா, என்விடியாவா. என்விடியா என்றால் எந்தத் தலைமுறை. திரைத் தோற்றம் கேடிஈயா, க்னோமா. பதிலுக்கேற்ற கோப்பு ஒன்று இறங்குகிறது. பல ஜிபி அளவுள்ள கோப்பு. அலைபேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கப் பார்க்காதீர்கள். விண்டோஸ் போலவே தோன்ற வேண்டும் என்றால் கேடிஈயைத் தேர்ந்தெடுங்கள். க்னோம் அழகுதான், ஆனால் புதிதாக வருகிறவரை முதல் நாளே மௌஸைத் தேட வைக்கும்.

நிறுவும்போது பலர் மிரள்கிற இடம் ஒன்று உண்டு. கணினி திறக்கும்போது அறிமுகமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை ஒன்று வந்து சாவியைப் பதிவு செய்யவா என்று கேட்கும். விண்டோஸில் நீலத்திரை என்றாலே நெஞ்சு அடைக்கும் பழக்கம் நமக்கு. இது அந்த நீலம் இல்லை. 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லாக 'யுனிவர்சல்ப்ளூ' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி விடாமல் தட்டினால் முடிந்தது. தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிடுங்கள்.

பஸைட்டின் உள்ளமைப்பைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகளை நீங்கள் மாற்ற முடியாது. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் சொல்வதைப் போல. பலகையைச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம், கட்டிலை நகர்த்தலாம், சுவர் அவருடையது. மென்பொருள்களை ஃப்ளாட்பேக் என்ற பொட்டல வடிவில் தனித்தனியாக நிறுவிக்கொள்கிறீர்கள். அடித்தளம் மொத்தமாக ஒரே பொட்டலமாகப் பின்னணியில் புதுப்பிக்கப்பட்டு, அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது மாறியிருக்கிறது. புதியது சண்டித்தனம் செய்தால், திறக்கும்போது வரும் பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நுழையலாம். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால், கடந்த 90 நாட்களின் பதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஒரு முறை புதுப்பித்த பிறகு என் ஹெட்செட்டில் ஒலி வரவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பி விளையாடிவிட்டு, அடுத்த புதுப்பிப்பில் சரியானதும் முன்னேறிக்கொண்டேன். நடுவில் எந்தக் கட்டளையையும் தேடவில்லை. லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் மந்திரம் ஓதுவது என்று நினைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன்.

இனி விளையாட்டு.

ஸ்டீம் முன்பே நிறுவப்பட்டு வருகிறது. எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டீமுக்குள் நுழைந்து நிறுவு பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் விளையாட்டுகளும் இறங்குகின்றன. இதற்குப் பின்னால் இருப்பது புரோட்டான். 2012-இல் வால்வின் தலைவர் கேப் நியூவெல், விண்டோஸ் 8 கணினித் துறைக்கே பேரழிவு என்று சொன்னார். மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்துவைத்து மற்றவர்களை வெளியே தள்ளிவிடுமோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் தொடங்கிய ஓட்டம், 2015-இல் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் பல நிறுவனங்கள் விற்ற கணினிகளோடு ஒரு முறை மண்ணைக் கவ்வியது. லினக்ஸுக்கென்று தனியாக விளையாட்டு எழுத யாரும் பெரிதாக முன்வரவில்லை. பிறகு வால்வ் புத்தியைத் திருப்பிப் போட்டது: அவர்கள் வரவில்லை என்றால் விண்டோஸுக்கு எழுதியதையே இங்கே ஓட்டிவிடலாம். 2018 ஆகஸ்டில் புரோட்டான் வந்தது.

விளையாட்டு விண்டோஸிடம் கேட்கிற ஒவ்வொன்றையும் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருவது வைன். அது 1993 முதல் வளர்ந்துவரும் பழைய திட்டம். திரையில் படம் வரைய டைரக்ட்எக்ஸ் மொழியில் விளையாட்டு சொல்வதை லினக்ஸுக்குத் தெரிந்த வல்கன் மொழிக்கு மாற்றுவது டிஎக்ஸ்விகே. டைரக்ட்எக்ஸ் 12 என்றால் விகேடி3டி-புரோட்டான். இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியதுதான் புரோட்டான். விளையாடுகிறவருக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. கண்ணில் படுவது ஒன்றே ஒன்று: முதல் முறை திறக்கும்போது 'வல்கன் ஷேடர்கள் தயாராகின்றன' என்று ஒரு பட்டை நகரும். என் நான்கு கோர் பிராசசரில் அது சாவகாசமாக நகர்கிறது. காபி போட்டுக்கொண்டு வரலாம், தவிர்த்துவிட்டும் போகலாம். தவிர்த்தால் விளையாட்டின் நடுவே அங்கங்கே திக்கும்.

எல்டன் ரிங்கை 1080பி அளவில், மீடியம் அமைப்பில் விளையாடுகிறேன். திரை மூலையில் நொடிக்கு எத்தனை சட்டகம் என்று காட்டும் மேங்கோஹட், 45-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கிறது. 60-க்கு மேல் அந்த விளையாட்டே போகாது. இதே கணினியில் விண்டோஸில் கிடைத்ததும் ஏறத்தாழ இதுதான். அந்த விளையாட்டு 2022-இல் வெளியானபோது விண்டோஸில் திக்கித் திக்கி ஓடுவதாக ஊரே புலம்பியது. ஸ்டீம் டெக்குக்காக வால்வின் பொறியாளர்கள் மொழிமாற்றும் அடுக்கிலேயே திருத்தம் செய்து அந்தத் திக்கலைக் குறைத்தார்கள். விண்டோஸ் விளையாட்டு ஒன்று லினக்ஸில் கூடுதல் சீராக ஓடிய விநோதம் அது. ஹேடீஸ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இரண்டிலும் விண்டோஸை விட்டு வந்த உணர்வே இல்லை. கவுன்டர்-ஸ்டிரைக் 2-க்கும் ஹாலோ நைட்: சில்க்சாங்குக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. டொரோன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் உருவாக்கி, 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்ற 'வெண்பா'வைப் புரோட்டானில் ஓட்டினேன். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று என் அம்மாவே பக்கத்தில் நின்று வழி சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை. சில விளையாட்டுகளுக்கு லினக்ஸ் பதிப்பும் உண்டு, விண்டோஸ் பதிப்பும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டுக் கைவிட்ட லினக்ஸ் பதிப்பு தடுமாறும். அமைப்புகளில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ் பதிப்பை இறக்கினால் ஜோராக ஓடும். லினக்ஸில் மிக நம்பகமான விளையாட்டு வடிவம் விண்டோஸின் இஎக்ஸ்இ கோப்பு என்றாகிவிட்டது. கட்டற்ற மென்பொருளுக்காகக் கொடி பிடித்தவர்கள் இதைக் கேட்டு மகிழ்வதா அழுவதா என்று தெரியாமல் நிற்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

என்னுடையது ஏஎம்டி கார்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏஎம்டிக்கான டிரைவர்கள் திறந்த மூலமாக லினக்ஸோடு சேர்ந்தே வருகின்றன. ஆர்எக்ஸ் 580 போன்ற பழைய கார்டுகளை விண்டோஸில் ஏஎம்டி ஓரங்கட்டி வைத்திருக்கிறது. லினக்ஸில் அந்த டிரைவர்களை எழுதும் மேசா திட்டத்தார் இன்னும் அவற்றைக் கவனித்துக்கொள்கிறார்கள். என்விடியா வைத்திருப்பவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. நிலைமை 2024-க்குப் பிறகு வெகுவாகத் தேறியிருக்கிறது என்றாலும், டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளில் விண்டோஸைவிட வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைகிறது. புதிதாகக் கார்டு வாங்கப்போகிறவர், லினக்ஸும் மனத்தில் இருக்கிறவர் என்றால் ஏஎம்டி வாங்குங்கள்.

இப்போது தம்பியின் விஷயம். என் கணினியில் விளையாட்டுகள் ஓடுவதை அவனுக்குக் காட்டி, "உன் லேப்டாப்பிலும் போட்டுவிடட்டுமா?" என்றேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஓடுகிற விளையாட்டுகளின் பட்டியல் எனக்கு எதற்கு அக்கா? எங்கள் செட்டில் ஐந்து பேரும் வேலரன்ட்டில் இருக்கிறோம். மற்ற நான்கு பேரின் வீட்டுக்கும் நீயே போய்ப் பேசுகிறாயா?"

பேசினாலும் பயனில்லை. வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. ஏமாற்றி விளையாடுகிறவர்களைப் பிடிக்க அதை வெளியிடும் ரயட் நிறுவனம் வைத்திருக்கும் வான்கார்ட், விண்டோஸின் அடி ஆழம்வரை, அதாவது கெர்னல் வரை, இறங்கி உட்கார்ந்துகொள்ளும் மென்பொருள். புரோட்டான் மொழிமாற்றித் தருவது மேல் தளத்தில் நடக்கும் பேச்சை மட்டுமே. கெர்னலுக்குள் உட்காருகிறவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. கால் ஆஃப் ட்யூட்டி, பேட்டில்ஃபீல்ட் 6 ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

சிலவற்றில் தொழில்நுட்பத் தடையே இல்லை என்பதுதான் எரிச்சல். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்று பரவலாகப் பயன்படும் இரண்டு காவல் மென்பொருள்களும் 2021-இலேயே புரோட்டானில் இயங்க வழி செய்துவிட்டன. விளையாட்டை வெளியிட்டவர் விரும்பினால் அனுமதிக்கலாம். எல்டன் ரிங் ஈஸி ஆன்டி-சீட்டோடுதான் வருகிறது; அதன் இணையப் பகுதி என் கணினியில் ஓடுகிறது. அதே ஈஸி ஆன்டி-சீட்டின் உரிமையாளரான எபிக், தன் சொந்த ஃபோர்ட்நைட்டுக்கு லினக்ஸில் அனுமதி தரவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் பல காலம் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுக்காரர்கள் அந்த வழியாக வருகிறார்கள் என்று காரணம் சொல்லி 2024 அக்டோபர் இறுதியில் கதவை மூடினார்கள். ஜிடிஏ 5-இல் கதையைத் தனியாக விளையாடலாம்; 2024 செப்டம்பரில் பேட்டில்ஐயைச் சேர்த்த பிறகு அதன் இணையப் பகுதி லினக்ஸில் போயிற்று. பேட்டில்ஐக்கு லினக்ஸ் தெரியும், ஜிடிஏவை வெளியிடும் ராக்ஸ்டார்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. லினக்ஸில் கெர்னலையே பயனர் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள முடியும் என்னும்போது, ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது கடினம். ஸ்டீமின் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸ் பயனர்களின் பங்கு 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான். அந்த மூன்று பேருக்காகத் தனியாகக் காவலாளி வைக்க எந்தக் கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போடுவார்? அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் இன்று ஓடுகிற ஓர் இணைய விளையாட்டு நாளையும் ஓடும் என்று எந்த லினக்ஸ்காரரும் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது. காசு கொடுத்து உடுப்புகளும் ஆயுதங்களும் வாங்கிக் குவித்திருக்கும் விளையாட்டு என்றால் இதை யோசித்துப் பாருங்கள். தம்பியின் மடிக்கணினியில் விண்டோஸ் 11 அப்படியே இருக்கிறது. அவனுக்கு அதுதான் சரி.

விளையாட்டை உருவாக்குகிறவர்களின் பக்கம் வருவோம். எனக்கு பஸைட் பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் இந்தப் பாதி.

நாங்கள் பயன்படுத்துவது கோடோ. அர்ஜென்டினாவில் ஹுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் இருவரும் உருவாக்கி 2014-இல் திறந்த மூலமாக வெளியிட்ட விளையாட்டு எஞ்சின், அதாவது விளையாட்டுகளைக் கட்டும் மென்பொருள். 2023 செப்டம்பரில், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய விளையாட்டுகள் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்று இன்னொரு எஞ்சினான யூனிட்டி அறிவித்தபோது சிறிய உருவாக்குநர்கள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் இது. ஓராண்டு கழித்து யூனிட்டி அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது, ஆனால் போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை. ஸ்லே தி ஸ்பைர் விளையாட்டின் இரண்டாம் பாகத்தையே அதன் உருவாக்குநர்கள் யூனிட்டியிலிருந்து கோடோவுக்கு மாற்றினார்கள். ப்ரொடேட்டோவும் டோம் கீப்பரும் கோடோவில் பிறந்தவை.

லினக்ஸில் கோடோ சொந்த வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது. பஸைட்டின் மென்பொருள் கடையிலும் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து எடுக்காதீர்கள். ஃப்ளாட்பேக்காக வரும்போது அது தனி அறைக்குள் அடைக்கப்பட்டிருக்கும். பக்கத்து அறையில் இருக்கும், முப்பரிமாண மாதிரிகள் செய்யும் பிளெண்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது, அந்த மாதிரிகளை நேரடியாக உள்ளே எடுக்க முடியாமல் திண்டாடும். கோடோவின் தளத்தில் ஒரு ஜிப் கோப்பு இருக்கிறது. பிரித்தால் உள்ளே ஒரே ஒரு கோப்பு. அதை உங்கள் கோப்புறையில் போட்டு இருமுறை சொடுக்கினால் எஞ்சின் முழுவதும் திறக்கிறது. நிறுவல் என்ற பேச்சே இல்லை.

படம் வரைய க்ரிட்டா. பிக்சல் படங்களுக்கு ஏஸ்ப்ரைட்டின் லினக்ஸ் பதிப்பை ஸ்டீமிலேயே விற்கிறார்கள். போட்டோஷாப் கிடையாது. பத்து விரலிலும் போட்டோஷாப் குறுக்குவழிகள் பதிந்த எனக்கு க்ரிட்டாவில் கை பழகச் சில வாரம் பிடித்தது. வேலைக்கு போட்டோஷாப் கட்டாயம் என்றால் மாறாதீர்கள் என்பேன். நிரல் தொகுக்கும் கருவிகள் வேண்டுமென்றால் அடித்தளத்தில் கை வைக்காமல், டிஸ்ட்ரோபாக்ஸ் என்ற வசதியில் உபுண்டு என்ற லினக்ஸையோ வேறொன்றையோ ஒரு பெட்டிக்குள் திறந்து அதில் வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். கெட்டுப்போனால் பெட்டியோடு தூக்கி எறியலாம்.

லினக்ஸ் எங்களுக்குச் செய்த ஓர் உதவியை விவரமாகச் சொல்ல வேண்டும். தோழி ஈரோட்டில் விண்டோஸில் படம் வரைந்து அனுப்புகிறாள். அவளுக்குக் கோப்பின் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கித்தான் பழக்கம். நிரலில் அதே பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. அவள் கணினியில் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. லினக்ஸுக்கு இவை இரு வேறு கோப்புகள். என் திரையில் எங்கள் விளையாட்டின் குதிரை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. லினக்ஸின் வீண் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கோடோ விளையாட்டைத் தயாரித்து முடிக்கும்போது எல்லாக் கோப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டுகிறது. அந்தப் பொட்டலத்துக்குள் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறுதான், விண்டோஸில் ஓட்டினாலும்கூட. அதாவது விண்டோஸில் உருவாக்கும்போது சரியாகத் தெரியும் குதிரை, வாங்கியவர் வீட்டு விண்டோஸில் காணாமல் போகும். வெளியிட்ட பிறகு வந்திருக்க வேண்டிய புகாரை லினக்ஸ் முன்கூட்டியே என் மேசையில் வைத்தது. இப்போது எல்லாப் பெயரும் சிறிய எழுத்து என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

விண்டோஸ் பதிப்பைத் தயாரிக்க விண்டோஸ் தேவையில்லை. கோடோவில் ஏற்றுமதி வார்ப்புருக்களை இறக்கிக்கொண்டால் லினக்ஸிலிருந்தே இஎக்ஸ்இ கோப்பு வெளிவரும். அதை ஸ்டீமில் 'ஸ்டீமில் இல்லாத விளையாட்டைச் சேர்' என்று சேர்த்துப் புரோட்டானில் ஓட்டிப் பார்க்கிறேன். ஸ்டீம் டெக் வைத்திருப்பவர் எதைப் பார்ப்பார் என்பதும் அதிலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் கடைசிச் சோதனை உண்மையான விண்டோஸில்தான் நடக்க வேண்டும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். அதற்குத் தம்பியின் மடிக்கணினி இருக்கிறது. கூலியாக அவன் பரோட்டா கேட்கிறான்.

பெரிய ஸ்டூடியோக்களில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சுகம் இல்லை. யூனிட்டி எடிட்டருக்கு லினக்ஸில் உபுண்டுவை ஒட்டித்தான் அதிகாரபூர்வ ஆதரவு. அன்ரியல் எஞ்சினின் எடிட்டரை எபிக் லினக்ஸுக்கும் தருகிறது, ஆனால் சுற்றியிருக்கும் கருவிகள் பலவும் விண்டோஸுக்கானவை. நிரல் எழுதும் விஷுவல் ஸ்டூடியோ லினக்ஸில் கிடையாது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டென்டோ என்று இறங்கினால் அந்த நிறுவனங்கள் தரும் கருவிகள் விண்டோஸையே எதிர்பார்க்கின்றன. இரண்டு பேர், ஒரு கோடோ, ஸ்டீமில் விற்கும் ஆசை என்ற அளவில் இருப்பவர்களுக்குத்தான் என் பாராட்டு பொருந்தும்.

சில்லறைத் தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். பழைய விண்டோஸ் தட்டில் (டிரைவில்) இருக்கும் ஸ்டீம் விளையாட்டுகளை அப்படியே பயன்படுத்தலாம் என்று ஆசைப்படாதீர்கள். அந்தத் தட்டு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும். புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் போலி 'சி' டிரைவ் ஒன்றை அமைக்கும்போது, கோலன் (:) குறியோடு கூடிய பெயர்களை உருவாக்குகிறது. விண்டோஸ் வடிவத் தட்டில் அந்தக் குறிக்கு இடமில்லை. விளையாட்டு திறப்பது போல் பாவனை காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். தட்டை லினக்ஸ் வடிவத்துக்கு மாற்றி விளையாட்டுகளை மறுபடி இறக்குவதே நம்பகமான வழி. என் ஹெட்செட்டை விற்ற நிறுவனத்தின் ஒலி அமைப்பு மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. வெறும் ஹெட்செட்டாக வேலை செய்கிறது, விளம்பரத்தில் சொன்ன ஜாலங்கள் போயின. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் செருகியதும் வேலை செய்தது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட் 99 முன்பே இருக்கிறது. உதவிக் குறிப்புகள் நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் அத்தனையும் ஆங்கிலத்தில்.

இன்னொரு விஷயம் எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. இது தன்னார்வலர்களின் படைப்பு, அதுவும் இன்னொருவர் அடித்தளத்தின் மேல் எழுப்பியது. 2025 ஜூனில், பழைய 32-பிட் மென்பொருள்களை ஓட்டத் தேவையான தொகுப்புகளை வருங்காலப் பதிப்பில் நீக்கிவிடலாம் என்று ஃபெடோராவில் ஒரு முன்மொழிவு வந்தது. ஸ்டீமும் பழைய விளையாட்டுகளும் அவற்றை நம்பியிருக்கின்றன. அது நிறைவேறினால் பஸைட்டை மூடிவிடுவதுதான் வழி என்று அதன் நிறுவனர் வெளிப்படையாகச் சொன்னார். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. இருந்தாலும் அப்படி ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. ஆறுதல் என்னவென்றால், பஸைட் போனாலும் புரோட்டான் போகாது. 2025 மே மாதம் முதல் லெனோவோ கையடக்கக் கருவி ஒன்று ஸ்டீம்ஓஎஸ்ஸோடு விற்பனைக்கு வந்தது; அந்த நவம்பரில் வால்வே புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தது. என் விளையாட்டுகள் வேறொரு லினக்ஸில் அதே ஸ்டீமில் திறக்கும். இரண்டு மணி நேர வேலை, ஒரு மாலைப்பொழுது.

முயன்று பார்க்க நினைக்கிறவர்கள் பழைய விண்டோஸை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி தட்டு வாங்கி, நிறுவும்போது பழைய தட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதில் பஸைட்டைப் போடுங்கள். அதற்கும் முன்னால், நீங்கள் உண்மையிலேயே விளையாடுகிற விளையாட்டுகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். வாங்கிப் போட்டுத் திறக்காதவை கணக்கில் இல்லை. ஒவ்வொன்றையும் புரோட்டான்டிபி என்ற இணையதளத்தில் தேடினால், மற்றவர்கள் ஓட்டிப் பார்த்துத் தந்த பதக்கம் தெரியும். பிளாட்டினம், தங்கம் என்றால் கவலை இல்லை. வெள்ளிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தாளில் முதல் பெயராக வேலரன்டோ ஃபோர்ட்நைட்டோ இருந்தால் எஸ்எஸ்டி வாங்கும் காசை மிச்சப்படுத்துங்கள்.